நிலைத்து நின்ற மட்டை

நுழையும்முன்

வெற்றி பெற்றவர்களின் வரலாற்றையே உலகம் விரும்பிப் படிக்கிறது. கோப்பையை ஏந்தி நிற்கும் அணியின் படமே மறுநாள் நாளிதழில் இடம்பெறுகிறது. எனினும், தோற்ற அணியில் நின்று ஆடிய ஒருவரின் ஆட்டம் பல்லாண்டுகள் கடந்தும் போற்றப்படுவது உண்டு. இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் இறுதிப்போட்டிகளில் அரிய மட்டையாட்டங்களை நிகழ்த்தியவர் விஜய் ஹசாரே. வீழ்ச்சிக்கு நடுவே நிலைத்து நின்ற அவருடைய வாழ்க்கையையும், அவர் வாழ்ந்த காலத்தின் இயல்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கரிசல் மண்ணின் மைந்தர்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் உளுந்தும் மழையை நம்பியே அங்கு விதைக்கப்படுகின்றன. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்களைவிட மணல் காயும் நாள்களே மிகுதி. கோடையில் கண்மாய்கள் வற்றியபின் அவற்றின் உட்பரப்பே சிற்றூர்ச் சிறுவர்களின் ஆடுகளமாக மாறுகிறது. உலர்ந்த கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பின் விளிம்பில் பட்ட பந்து எத்திசையில் திரும்பும், எவ்வளவு உயரம் எழும் என்று யாராலும் சொல்ல இயலாது. அத்தகைய தரையில் ஆடும் சிறுவன், பந்தை இறுதிவரை கண்ணால் தொடர்ந்து பார்க்கவும் பொறுத்திருந்து அடிக்கவும் தானாகவே கற்றுக்கொள்கிறான். அதே மண்ணை அளவாக நனைத்து, கனத்த உருளையால் பலமுறை அழுத்தினால் கல்போல் இறுகி நல்ல ஆடுகளமாகிறது. நம் நாட்டின் புகழ்பெற்ற ஆடுகளங்கள் பல கரிசல் மண்ணால் அமைந்தவையே.

தென்தமிழ்நாட்டில் காணப்படும் இக்கரிசல் மண், தக்காணப் பீடபூமியில் பெருவெளியாக விரிந்து கிடக்கிறது. அப்பெருவெளியில், கிருஷ்ணை ஆற்றங்கரையில் அமைந்துள்ள நகரம் சாங்லி. இன்றைய மகாராட்டிர மாநிலத்தைச் சேர்ந்த அந்நகரில் 1915ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் விஜய் சாமுவேல் ஹசாரே பிறந்தார். அவருடைய குடும்பம் மராத்தி பேசும் கிறித்தவக் குடும்பம். தந்தை பள்ளி ஆசிரியர். எட்டுப் பிள்ளைகளைக் கொண்ட அவ்வீட்டில் செல்வம் இல்லை. கட்டுப்பாடும் கல்வியும் இருந்தன. கிரிக்கெட் அன்று பெரும்பாலும் அரசர்களும் செல்வரும் புரந்த ஆட்டமாக இருந்தது. ஓர் ஆசிரியர் வீட்டுப் பிள்ளை அதில் உயர்வதற்குத் திறமை ஒன்றையே முதலாகக் கொள்ள வேண்டியிருந்தது.

இளமை முதலே ஹசாரே குறைவாகப் பேசுபவர். கூச்ச இயல்பு உடையவர். மட்டையைப் பிடித்து நிற்கும் அவரது முறை ஆட்ட இலக்கணத்திற்கு முழுவதும் பொருந்துவதாக இல்லை. ஆனால், பந்து மட்டையை அடையும் வேளையில் அவருடைய கண்ணும் காலும் கையும் ஒன்றுபட்டு இயங்கின. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற சுழற்பந்து வீச்சாளர் கிளாரி கிரிம்மெட் இந்தியா வந்திருந்தபோது ஹசாரே அவரிடம் பயிற்சி பெற்றார். மட்டையாட்டத்துடன் பந்துவீச்சிலும் தேர்ந்த ஹசாரே, தம் முதல்தரப் போட்டிகளில் 595 விக்கெட்டுகளைக் கைப்பற்றியுள்ளார் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தியாகும்.

முதல் முச்சதம்

நாட்டின் மாகாணங்களும் சமஸ்தானங்களும் தத்தம் அணிகளைக் களமிறக்கும் ரஞ்சிக் கோப்பைப் போட்டி 1934ஆம் ஆண்டு தொடங்கியது. அக்காலத்தில் அது தோற்றவர் உடனே வெளியேறும் முறையில் நடைபெற்றது. ஓர் ஆட்டத்தில் தவறினால் அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். எனவே, ஒவ்வோர் ஆட்டமும் இறுதிப்போட்டிக்குரிய நெருக்கடியைத் தன்னுள் கொண்டிருந்தது.

மகாராட்டிர அணியில் இடம்பெற்ற ஹசாரே, 1939-40ஆம் ஆண்டு போட்டியில் பரோடாவை எதிர்த்துப் பூனாவில் ஆடினார். அந்த ஆட்டத்தில் 316 ஓட்டங்கள் குவித்து, ஆட்டமிழக்காமல் திரும்பினார். முதல்தரப் போட்டியில் முந்நூறு ஓட்டங்களைக் கடந்த முதல் இந்தியர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. அந்த ஆட்டத்தில் ஒன்பதாவது விக்கெட்டுக்கு அவரும் நகர்வாலாவும் இணைந்து 245 ஓட்டங்கள் சேர்த்தனர். பந்துவீச்சாளர்களாகவே கருதப்படும் கடைநிலை ஆட்டக்காரர்களைத் துணையாகக் கொண்டு ஆட்டத்தை வளர்க்கும் ஆற்றல் அப்போதே வெளிப்பட்டது. டி. பி. தேவதர் தலைமையில் மகாராட்டிரம் அவ்வாண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் கோப்பையை வென்றது. இரண்டாவது முறை இறுதிப்போட்டியில் அது வீழ்த்தியது சென்னை அணியை ஆகும்.

இந்த ஆட்டங்களுக்குப் பின் ஹசாரே பரோடாவுக்குச் சென்று, அச்சமஸ்தானத்தின் பணியில் அமர்ந்தார். எந்த அணிக்கு எதிராக முச்சதம் அடித்தாரோ அந்த அணிக்காகவே அதன்பின் நெடுங்காலம் ஆடினார்.

சமயப் பெயரில் அணிகள்

ஹசாரேயின் மிகச் சிறந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள, அன்று பம்பாயில் நடைபெற்ற ஐவர் அணிப் போட்டியைப் பற்றி அறிந்துகொள்வது தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியரும் பார்சிகளும் தமக்குள் மோதிய ஆட்டமே இதன் தொடக்கம். 1907இல் இந்துக்கள் அணியும் 1912இல் முசுலிம்கள் அணியும் இதில் சேர்ந்தன. இந்நான்கிலும் அடங்காத இந்தியக் கிறித்தவர், யூதர் முதலியோருக்காக 1937இல் ஐந்தாவதாக ஓர் அணி சேர்க்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் மற்றையோர் அணி என்பதே.

பம்பாய் பிரபோர்ன் விளையாட்டரங்கில் நடைபெற்ற இப்போட்டியைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. ரஞ்சிக் கோப்பைக்குக் கிடைக்காத வரவேற்பு இதற்குக் கிடைத்தது. எனினும், விளையாட்டு அணிகளைச் சமயத்தின் பெயரால் பிரிப்பது முறையா என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1940ஆம் ஆண்டு காந்தியடிகள் இத்தகைய பிரிவினைக்கு எதிராகத் தம் கருத்தை வெளிப்படையாகத் தெரிவித்தார். மாணவர்களும் நாட்டுப்பற்றாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்ப்புக்கு இடையிலும் போட்டி தொடர்ந்தது.

கிறித்தவராகப் பிறந்ததால் ஹசாரேக்கு மற்றையோர் அணியிலேயே இடம் கிடைத்தது. திறமை மிக்க ஆட்டக்காரர் பலர் திரண்டிருந்த இந்துக்கள் அணியோடும் முசுலிம்கள் அணியோடும் ஒப்பிட்டால் அது வலிமை குன்றிய அணி. அதன் மட்டையாட்டச் சுமை முழுவதையும் பெரும்பாலும் ஹசாரே ஒருவரே தாங்கினார்.

முந்நூற்று ஒன்பது

1943ஆம் ஆண்டு உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வங்கத்தில் கொடிய பஞ்சம் நிலவியது. அவ்வாண்டின் இறுதியில் நடந்த ஐவர் அணிப் போட்டியில் முசுலிம்கள் அணியை எதிர்த்து ஹசாரே 248 ஓட்டங்கள் எடுத்தார். அப்போட்டியில் ஒருவர் எடுத்த மிகுதியான ஓட்டம் அதுவரை விஜய் மெர்ச்சன்ட் எடுத்த 243 ஆகும். அந்த எல்லையை ஹசாரே கடந்தார். மற்றையோர் அணி இறுதிப்போட்டிக்குச் சென்றது. அங்கே எதிரில் நின்றது மெர்ச்சன்டின் இந்துக்கள் அணி.

முதலில் ஆடிய இந்துக்கள் அணி 5 விக்கெட் இழப்புக்கு 581 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. மெர்ச்சன்ட் 250 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்று, ஹசாரேயின் எல்லையைச் சில நாள்களிலேயே தாண்டினார். பின்னர் ஆடிய மற்றையோர் அணி 133 ஓட்டங்களில் சுருண்டது. அவற்றுள் 59 ஹசாரேயின் மட்டையிலிருந்து வந்தவை. 448 ஓட்டங்கள் பின்தங்கிய அணி, மீண்டும் உடனே ஆடுமாறு பணிக்கப்பட்டது.

இரண்டாவது முறையும் விக்கெட்டுகள் விரைந்து சரிந்தன. 60 ஓட்டங்களுக்குள் ஐவர் வெளியேறினர். ஆட்டத்தின் முடிவு பற்றி அரங்கில் எவருக்கும் ஐயம் இருந்திருக்க இயலாது. அந்நிலையில் ஹசாரேயுடன் இணைந்தவர் அவருடைய தம்பி விவேக் ஹசாரே. ஆறாவது விக்கெட்டுக்கு இவ்விருவரும் சேர்த்த ஓட்டங்கள் 300. அந்த முந்நூறில் தம்பியின் பங்கு 21 மட்டுமே.

இந்த எண்களைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இத்தகைய இணையில் முதன்மை ஆட்டக்காரர் ஒவ்வொரு பந்தையும் இருவகையில் எண்ணிப் பார்க்கிறார். ஓட்டம் எடுக்க வேண்டும். அதே வேளையில் அடுத்த ஓவரைத் தாமே எதிர்கொள்ளும் வகையில் கடைசிப் பந்தில் மறுமுனைக்குச் செல்லவும் வேண்டும். எதிரணித் தலைவரோ அவ்வழியை அடைக்க ஆட்களை நெருக்கி நிறுத்துவார். துணைநிற்பவரின் பணியும் எளியதன்று. தம் பெயரில் ஓட்டம் ஏறாது என்று அறிந்தும், தம்மை நோக்கி வரும் பந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்து நிறுத்த வேண்டும். விவேக் ஹசாரே நிலைத்து நிற்காதிருந்தால் அண்ணனின் ஆட்டம் பாதியில் முடிந்திருக்கும். ஏட்டில் 21 என்று பதிவான அந்த ஆட்டத்தின் மதிப்பை அந்த எண்ணால் மட்டும் அளக்க முடியாது.

மற்றையோர் அணி 387 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. அதில் விஜய் ஹசாரே எடுத்தவை 309. மற்ற பத்துப் பேரின் ஓட்டங்களும் உதிரி ஓட்டங்களும் சேர்ந்து 78 மட்டுமே. அணியின் மொத்த ஓட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒருவருடைய மட்டையிலிருந்து வந்தது. மெர்ச்சன்ட் உயர்த்திய எல்லையையும் அதே ஆட்டத்தில் ஹசாரே மீண்டும் கடந்தார். ஆயினும், இந்துக்கள் அணி ஓர் இன்னிங்ஸ் மற்றும் 61 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது. முந்நூற்று ஒன்பது ஓட்டங்கள் எடுத்தவர் தோற்ற அணியின் வரிசையில் நின்றார்.

அந்த ஆட்டத்தால் பயன் என்ன என்று கேட்கலாம். கோப்பை கிடைக்கவில்லை, தோல்வியின் அளவும் பெரிதே. ஆனால், முடிவு தெரிந்துவிட்டது என்பதற்காகத் தம் பணியைத் தளர்த்தாத ஒருவரை அன்று பம்பாய் கண்டது. போட்டியின் முடிவு அணிக்குரிய அளவுகோல். கடைசிப் பந்துவரை தம் கடமையில் நிலைத்தல் ஒருவருடைய தகுதிக்குரிய அளவுகோல். இரண்டையும் வேறுபடுத்திக் காண அந்த ஆட்டம் கற்பித்தது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க நாட்டில் பெரிதும் விரும்பப்படும் பேஸ்பால் ஆட்டத்திலும் இதற்கு ஒத்த நிகழ்வு ஒன்று உண்டு. பருவத்தின் நிறைவில், முன்னணி அணிகள் இரண்டு மட்டும் மோதும் இறுதித் தொடருக்கு உலகத் தொடர் என்று பெயர். 1926ஆம் ஆண்டின் உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேப் ரூத், நான்காவது ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பி, நான்கு தளங்களையும் சுற்றி வரும் அடியே ஹோம் ரன். உலகத் தொடரின் ஓர் ஆட்டத்தில் அவ்வாறு மூன்று முறை அடித்த முதல்வர் அவரே. எனினும், அத்தொடரை வென்றது செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி. ஏழாவது ஆட்டத்தின் இறுதியில், இரண்டாம் தளத்தை நோக்கித் துணிந்து ஓடிய ரூத் ஆட்டமிழந்ததோடு தொடர் முடிவுற்றது. இரண்டாண்டுகளுக்குப் பின் அதே அணியை எதிர்த்து, அதே நகரில் ரூத் மீண்டும் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். அம்முறை அவருடைய அணி வென்றது.

ஐந்நூற்று எழுபத்தேழு

சமய அடிப்படையிலான ஐவர் அணிப் போட்டி 1946ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. இந்தியக் கிரிக்கெட்டின் முதன்மைப் போட்டியாக ரஞ்சிக் கோப்பை நிலைபெற்றது. அதில் ஹசாரேக்கு அணி கிடைத்தது அவருடைய சமயத்தால் அன்று; அவர் வாழ்ந்த ஊரால்.

1947ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரஞ்சிக் கோப்பை இறுதிப்போட்டி பரோடாவில் நடைபெற்றது. எதிரணி இந்தூரின் ஓல்கர் அணி. அதன் தலைவர் இந்திய டெஸ்ட் அணியின் முதல் தலைவராக விளங்கிய சி. கே. நாயுடு. முந்தைய ஆண்டு இறுதிப்போட்டியில் பரோடாவை வென்று கோப்பையைக் கைப்பற்றிய அணி அது.

அம்முறை முதலில் ஆடிய ஓல்கர் அணி 202 ஓட்டங்கள் எடுத்தது. பரோடா 91 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்தது. அப்போது ஹசாரேயுடன் இணைந்தவர் குல் முகமது. லாகூரில் பிறந்தவர், உயரம் குறைந்தவர், இடக்கையால் அடித்து ஆடுபவர். ஹசாரேயோ வலக்கையாளர், பொறுத்து ஆடுபவர். ஒருவர் இடக்கை, மற்றவர் வலக்கை என்பதால், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் பந்துவீச்சாளர் தம் குறியையும் காப்பாளர்கள் தம் இடத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இருவரும் 533 நிமிடங்கள் சேர்ந்து ஆடினர். பரோடாவின் நான்காவது விக்கெட் விழுந்தபோது அணியின் ஓட்டம் 668. இருவரும் சேர்த்தவை 577 ஓட்டங்கள்.

குல் முகமது 319 ஓட்டங்களும் ஹசாரே 288 ஓட்டங்களும் எடுத்தனர். பரோடா 784 ஓட்டங்கள் குவித்தது. ஓல்கர் அணி இரண்டாவது முறை 173 ஓட்டங்களில் அடங்க, பரோடா ஓர் இன்னிங்ஸ் மற்றும் 409 ஓட்டங்கள் வேறுபாட்டில் கோப்பையை வென்றது. முதல்தரக் கிரிக்கெட்டில் எந்த விக்கெட்டுக்கும் சேர்க்கப்பட்ட மிக உயர்ந்த இணை ஓட்டமாக 577 என்பது 59 ஆண்டுகள் விளங்கியது. 2006ஆம் ஆண்டு கொழும்பில் இலங்கையின் மகேல ஜெயவர்த்தனவும் குமார் சங்கக்காரவும் மூன்றாவது விக்கெட்டுக்கு 624 ஓட்டங்கள் சேர்த்து அதனைக் கடந்தனர்.

இந்த இணையின் சிறப்பை ஓட்டங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது. அதே மார்ச் மாதத்தில்தான் லாகூர் உள்ளிட்ட பஞ்சாப் நகரங்களில் வகுப்புக் கலவரம் மூண்டது. நாடு பிரிவினையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் கிறித்தவர் ஒருவர் மற்றையோர் அணியிலும் முசுலிம் ஒருவர் முசுலிம்கள் அணியிலும் ஆடுவதே முறை எனக் கருதப்பட்டது. பரோடாவின் ஆடுகளத்தில் இருவரும் ஒரே அணிக்காக, ஒருவர் ஓட்டத்துக்கு மற்றவர் ஓடினர். மறுமுனையில் நிற்பவரின் அழைப்பை நம்பி ஓடினாலன்றி ஓர் ஓட்டமும் சேராது என்பது இவ்வாட்டத்தின் அடிப்படை. ஒன்பது மணி நேரத்திற்குச் சற்றே குறைந்த அந்த நேரம் முழுவதும் அந்த நம்பிக்கை முறியவில்லை. அதே ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் நாடு இரண்டாயிற்று. இந்தியாவுக்காக டெஸ்ட் போட்டிகளில் ஆடிய குல் முகமது, 1956இல் பாகிஸ்தானுக்காகவும் ஒரு டெஸ்ட் ஆடினார். எல்லைக்கோடு இருவரையும் பிரித்தது. ஏட்டில் அவர்கள் பெயர்கள் இன்றும் இணைந்தே நிற்கின்றன.

அடிலெய்டில் இரு சதங்கள்

விடுதலை பெற்ற இந்தியாவின் அணி முதன்முறையாக 1947-48இல் ஆஸ்திரேலியா சென்றது. டொனால்டு பிராட்மன் தலைமையில் அமைந்த அந்நாட்டு அணி உலகின் வலிமை மிக்க அணியாக இருந்தது. ரே லின்ட்வாலும் கீத் மில்லரும் அதன் வேகப்பந்து வீச்சாளர்கள். 1948ஆம் ஆண்டு சனவரி மாதம் அடிலெய்டில் நடந்த டெஸ்ட் போட்டியில் ஆஸ்திரேலியா 674 ஓட்டங்கள் குவித்தது. பிராட்மன் 201 ஓட்டங்கள் எடுத்தபின் ஹசாரேயின் பந்தில் ஆட்டமிழந்தார்.

இந்தியா தன் முதல் இன்னிங்சில் எடுத்த 381 ஓட்டங்களில் ஹசாரேயின் பங்கு 116. தத்து பட்கர் 123 ஓட்டங்கள் எடுத்தார். மீண்டும் ஆடப் பணிக்கப்பட்ட இந்தியா, ஓர் ஓட்டமும் எடுக்காத நிலையிலேயே இரண்டு விக்கெட்டுகளை இழந்தது. லின்ட்வால் 38 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்தப் பந்துவீச்சை எதிர்த்து ஹசாரே 145 ஓட்டங்கள் எடுத்தார். ஒரே டெஸ்ட் போட்டியின் இரு இன்னிங்சிலும் சதம் அடித்த முதல் இந்தியர் அவர். இம்முறையும் இந்தியா ஓர் இன்னிங்ஸ் மற்றும் 16 ஓட்டங்கள் வேறுபாட்டில் தோற்றது. பம்பாயில் நிகழ்ந்தது கடல் கடந்தும் நிகழ்ந்தது. ஆயினும், புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் ஆட்டக்காரர் ஒருவர், உலகின் தலைசிறந்த பந்துவீச்சின்முன் இருமுறை நிலைத்து நின்றதை எவராலும் மறுக்க இயலவில்லை.

சென்னையில் முதல் வெற்றி

1951ஆம் ஆண்டு இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது ஹசாரே இந்திய அணியின் தலைவராகப் பொறுப்பேற்றார். டெல்லியில் நடந்த முதல் டெஸ்ட் போட்டியில் ஆட்டமிழக்காமல் 164 ஓட்டங்களும், பம்பாயில் நடந்த இரண்டாவது போட்டியில் 155 ஓட்டங்களும் எடுத்தார். தொடரின் கடைசிப் போட்டி 1952ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னை சேப்பாக்கத்தில் தொடங்கியது. முதல் நாளன்று இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்த செய்தி வந்ததால், ஓய்வு நாள் முன்கூட்டியே மறுநாளுக்கு மாற்றப்பட்டது.

வினு மன்கட் முதல் இன்னிங்சில் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இங்கிலாந்து 266 ஓட்டங்களில் அடங்கியது. பங்கஜ் ராய் 111 ஓட்டங்களும் பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130 ஓட்டங்களும் எடுக்க, இந்தியா 9 விக்கெட் இழப்புக்கு 457 ஓட்டங்கள் சேர்த்தது. இரண்டாவது இன்னிங்சில் இங்கிலாந்து 183 ஓட்டங்களில் வீழ்ந்தது. ஓர் இன்னிங்ஸ் மற்றும் 8 ஓட்டங்கள் வேறுபாட்டில் இந்தியா வென்றது. 1932இல் டெஸ்ட் உலகில் அடியெடுத்து வைத்த இந்தியா, தன் 25ஆவது போட்டியில் பெற்ற முதல் வெற்றி இதுவாகும். அந்த வெற்றியில் மிகுந்த ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் எடுத்தவர்கள் பிறர். தலைமை தாங்கியவர் ஹசாரே. தாம் பெரிதாக ஆடிய போட்டிகள் பலவற்றில் தோல்வியைக் கண்ட அவருக்கு, பிறர் சிறப்பாக ஆடிய போட்டியில் வரலாற்று வெற்றி கிட்டியது.

அதே ஆண்டின் கோடையில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடந்த போட்டியில் இந்திய அணி இரண்டாவது இன்னிங்சில் ஓர் ஓட்டமும் எடுக்காமல் 4 விக்கெட்டுகளை இழந்தது. இளம் வேகப்பந்து வீச்சாளர் பிரட் ட்ரூமன் அன்று தம் முதல் டெஸ்டை ஆடினார். அந்த வீழ்ச்சியின் நடுவே நின்று ஹசாரே 56 ஓட்டங்கள் எடுத்தார். அவரும் பட்கரும் சேர்ந்து 105 ஓட்டங்கள் சேர்த்தனர். ஓவல் மைதானத்தில் அணி 6 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்தபோதும் மிகுதியான ஓட்டம் எடுத்தவர் அவரே, அது 38. எண்ணிக்கை சிறிதாயினும் இடமறிந்து நோக்கினால் அதன் அருமை விளங்கும்.

நிறைவுக் காலம்

ஹசாரே 30 டெஸ்ட் போட்டிகளில் ஆடி, 7 சதங்களுடன் 2192 ஓட்டங்கள் எடுத்தார். சராசரி 47.65. முதல்தரப் போட்டிகளில் 60 சதங்களுடன் 18740 ஓட்டங்கள் குவித்தார். 14 டெஸ்ட் போட்டிகளில் அணிக்குத் தலைமை தாங்கினார். 1953இல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகியபின்னும் பரோடாவுக்காகத் தொடர்ந்து ஆடினார். 1958ஆம் ஆண்டு சர்வீசஸ் அணிக்கு எதிரான ரஞ்சிக் கோப்பை இறுதிப்போட்டியில் இரட்டைச் சதம் அடித்தபோது அவருக்கு வயது நாற்பத்துமூன்றை ஒட்டியிருந்தது. பரோடா மீண்டும் கோப்பையை வென்றது.

1960ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கிச் சிறப்பித்தது. பரோடாவிலேயே அமைதியாக வாழ்ந்த அவர், 2004ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் தமது 89ஆம் வயதில் மறைந்தார். மாநில அணிகளுக்கு இடையே நடைபெறும் ஒருநாள் போட்டியின் கோப்பை இன்று அவருடைய பெயரைத் தாங்கியுள்ளது. தமிழ்நாட்டு அணி அக்கோப்பையைப் பலமுறை வென்றுள்ளது.

ஹசாரேயின் வாழ்க்கையில் வெற்றியும் தோல்வியும் கலந்தே வந்தன. சமயத்தின் பெயரால் ஓர் அணியில் வைக்கப்பட்டபோது, அவ்வணி வீழ்ந்தும் அவர் வீழாமல் நின்றார். ஊரின் பெயரால் அமைந்த அணியில் மாற்றுச் சமயத்தவர் ஒருவருடன் இணைந்து நின்றபோது, உலகம் அதுவரை காணாத உயரத்தை எட்டினார். முன்னது ஒரு மனிதர் தனித்து எவ்வளவு செய்ய இயலும் என்பதைக் காட்டுகிறது. பின்னது இருவர் நம்பிக்கையோடு இணைந்தால் எவ்வளவு செய்ய இயலும் என்பதைக் காட்டுகிறது. மழை பொய்த்த ஆண்டிலும் நிலத்தை உழுது காத்திருக்கும் கரிசல் உழவர் விளைச்சலை மட்டும் எண்ணி உழைப்பதில்லை. அந்த உறுதியை உடையவர்களுக்கு விஜய் ஹசாரேயின் மட்டை அயலானதன்று.

கற்பவை கற்றபின்

1. தோற்ற அணியில் சிறப்பாக ஆடிய விளையாட்டு வீரர் அல்லது வீராங்கனை ஒருவரைப் பற்றி வகுப்பில் உரையாற்றுக.

2. 300 ஓட்டங்களில் 21 ஓட்டங்கள் மட்டும் எடுத்த விவேக் ஹசாரேயின் பங்களிப்பை மதிப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. சமயம், ஊர், நாடு ஆகியவற்றின் பெயரால் விளையாட்டு அணிகள் அமைவதன் நன்மை தீமைகள் குறித்துக் குழுவாகக் கலந்துரையாடுக.

4. உங்கள் ஊரில் விளையாட்டுக்குப் பயன்படும் கண்மாய், பொட்டல், தரிசு ஆகியவற்றின் மண்வகையை அறிந்து, அது ஆட்டத்தின் போக்கை எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் கட்டுரையாக எழுதுக.